பையனிடம் வேலையைக் கொடுங்கள், கவலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்

கடிதத்தின் சுருக்கம்

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாயின் நீண்ட கடிதம் இது. ஒரே மகன், 12 வயது. அவனுக்கு நான்கு வயது இருக்கும்போது கணவர் பிரிந்து போனார். விவாகரத்து முடிந்து, மகன் தாயின் பொறுப்பில் இருக்கிறான். தந்தைக்குத் தோன்றினால் பேசுவார். இல்லையென்றால் மாதக்கணக்கில் அழைப்பே வராது. தாய் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிறார். அப்பா இல்லாத குறை தெரியக்கூடாது என்று மகனை ஒரு வேலையும் செய்யவிட்டதில்லை. அவன் சாப்பிட்ட தட்டைக்கூட அவர்தான் எடுக்கிறார். இப்போது எதையாவது செய்யச் சொன்னால் அவன் மறுத்துக் கத்துகிறான், மாலையில் சண்டை வருகிறது. ஆனால் கடன் தவணை, அலுவலகத் தொல்லை, முன்னாள் கணவர் மேலுள்ள கோபம் எல்லாவற்றையும் இரவில் அவனிடம்தான் சொல்லி அழுகிறார். “இனி நீதான் இந்த வீட்டு ஆம்பளை, அம்மாவ நீதான் பாத்துக்கணும்” என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

சென்ற மாதம் அந்தப் பையன், உடன் படிக்கும் மாணவி ஒருத்தியின் படத்தின்மேல் அவள் உடம்பைக் கேலி செய்யும் வரிகளை எழுதி வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். பள்ளியில் தாயை அழைத்துப் பேசினார்கள். அன்று வீட்டில் வாக்குவாதம் முற்றி, “நீயும் உங்க அப்பா மாதிரியேதான் வரப்போற” என்று தாய் சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்து, விளக்கை அணைத்த பிறகு அவன் கேட்டிருக்கிறான்: “நான் அப்பா மாதிரி ஆயிடுவேனாம்மா?” பதில் தெரியாமல், தூங்கு என்று சொல்லிவிட்டாராம்.

ஒரு பெண் தனியாக நின்று இரக்கமும் பொறுப்பும் உள்ள ஆணை வளர்க்க முடியுமா, அண்ணனைக் கூப்பிட்டு நாலு தட்டு தட்டிக் கண்டிக்கச் சொல்லலாமா, விடுதியில் சேர்க்கலாமா, தந்தையின் அழைப்புகளை அடியோடு நிறுத்தலாமா என்பவை அவர் கேள்விகள்.

பதில்

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்கிறேன்: முடியும். தனித் தாயிடம் வளரும் பிள்ளைகளைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சாரா மெக்லனஹன், கேரி சாண்டஃபர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1994-இல் வெளியிட்ட விரிவான ஆய்வில், இப்பிள்ளைகளுக்கு ஏற்படும் பின்னடைவில் ஏறக்குறையப் பாதிக்கு வருமானக் குறைவே காரணமாக இருந்தது. பிரிட்டனில் சூசன் கோலம்போக் என்ற உளவியலாளர், தானே விரும்பித் தனித் தாயானவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்தார். வீட்டில் தந்தை இல்லை என்பது ஒன்றே அவர்களுக்குக் கெடுதல் செய்துவிடவில்லை. பணமுடை, அடிக்கடி வீடும் பள்ளியும் மாறுவது, பெரியவர்களின் ஓயாத சண்டை, வளர்ப்பவரின் தீராத களைப்பு ஆகியவைதான் பிள்ளையைப் பிடித்து இழுக்கின்றன. ஆண் குரல் இல்லாத வீட்டில் பையன் கெட்டுத்தான் போவான் என்று உறவினர்கள் சொல்வதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த விஷயம் வேறு. உங்கள் வீட்டில் சுமை இடம் மாறிக் கிடக்கிறது. தட்டு, துணி, பை என்று 12 வயதுப் பையன் தாராளமாகச் சுமக்கக்கூடியவை அத்தனையும் உங்கள் தலையில் இருக்கின்றன. கடன், தனிமை, கணவர் மேலுள்ள ஆத்திரம் என்று அவனால் சுமக்கவே முடியாதவை அவன் தலையில் இருக்கின்றன. இதை மாற்றி வைத்தாலே நீங்கள் கேட்கும் இரக்கத்துக்கும் பொறுப்புக்கும் வழி பிறக்கும்.

‘வீட்டு ஆம்பளை’ பதவி வேண்டாம்

அந்த வார்த்தையை நீங்கள் பெருமையாகத்தான் சொன்னீர்கள். அவன் காதில் அது எப்படி விழுகிறது என்று பாருங்கள். அம்மா அழுதால் தேற்ற வேண்டும். தன் பயத்தையும் சோகத்தையும் அம்மாவிடம் காட்டக்கூடாது, காட்டினால் அம்மா உடைந்துவிடுவாள். இப்படிப் பிள்ளையே பெற்றோராகிவிடும் நிலையைக் குடும்ப நல ஆலோசனைத் துறை 1970-களிலிருந்தே கவனித்து வருகிறது. வேலைகளைச் சுமப்பது ஒரு வகை, பெரியவர்களின் மனத்துயரைச் சுமப்பது இன்னொரு வகை. அளவோடு கொடுத்து, செய்ததை மதித்தால் முதல் வகை பிள்ளைக்கு நன்மையே செய்யும். இரண்டாவது வகைதான் பின்னாளில் அளவுமீறிய கோபமாகவும், யாரிடமும் மனம்விட்டுப் பேச முடியாத இறுக்கமாகவும் வெளிப்படுகிறது.

இன்னொரு கேடும் உண்டு. வீட்டின் ஆண் என்ற பதவியைக் கொடுத்தால், அதிகாரமும் தனக்கே என்று அவன் எடுத்துக்கொள்வான். “நீ யார் என்னைக் கேட்க?” என்று அவன் உங்களைக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி அங்கிருந்துதான் முளைத்தது.

பதவியைத் திரும்ப வாங்குவதற்குச் சொற்கள் வேண்டுமல்லவா? அவன் அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “நீதான் வீட்டு ஆம்பளைன்னு நான் சொன்னது தப்பு. இந்த வீட்டுக்குப் பெரிய ஆள் நான். பணம், வேலை, எனக்கும் அப்பாவுக்கும் இருக்கற பிரச்சினை எல்லாம் என் பொறுப்பு. நீ என் பையன். உனக்குன்னு சில வேலைகள் இருக்கு, அதப் பத்திப் பேசுவோம்.” இவ்வளவு போதும். விளக்கம் நீண்டால் அவன் மறுபடியும் உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவான்.

எதையும் மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் பணமுடை என்றால் ஒரே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லுங்கள்: “இந்த மாசம் செலவைக் குறைக்கணும், அதனால அது இப்ப வாங்க முடியாது. சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் குறையில்லை, அதை நான் பாத்துக்கறேன்.” நிலைமையும் தெரிகிறது, பொறுப்பு யாருடையது என்பதும் தெரிகிறது. அழுகை வந்தால் அவன் முன்னால் அழுவதும் குற்றமில்லை. “அம்மாவுக்கு இன்னைக்குக் கஷ்டமா இருக்கு, சரியாயிடும், இது உன்னால வந்ததில்ல” என்று சொல்லிவிட்டால் சோகத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு நீங்களே பாடமாகிறீர்கள். ஆனால் இரவுதோறும் கொட்டித் தீர்க்க ஒரு பெரியவர் வேண்டும். தோழி, சகோதரி, ஆலோசகர் யாராக இருந்தாலும் சரி, வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்குங்கள். அவன் தூக்கத்துக்கும் அது நல்லது. 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரம். தூக்கம் குறைந்த பிள்ளையிடம் பொறுமையை எதிர்பார்ப்பது வீண்.

வேலையைப் பழக்குவது

ஒன்றரை வயதுக் குழந்தைகூட, பெரியவர் கைதவறிக் கீழே போட்ட பொருளை யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும். ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ என்ற உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் கண்டது இன்னும் முக்கியமானது: உதவியதற்குப் பொருள் பரிசு பெற்ற குழந்தைகள், பிறகு பரிசில்லாதபோது உதவுவது குறைந்தது. அதனால் வீட்டு வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள். கைச்செலவுப் பணம் தனியாக இருக்கட்டும்.

ஒரே நாளில் பத்து வேலைகளைப் பட்டியல் போட்டு ஒட்டிவிடவும் வேண்டாம். அப்படி ஆரம்பித்த வீடுகளில் பத்தாம் நாள் பட்டியல் மட்டும்தான் சுவரில் இருக்கும். ஒரே ஒரு வேலையை முழுதாகக் கொடுங்கள். என் யோசனை, அவனுடைய துணிகள். அழுக்குத் துணியைச் சேர்ப்பது, துவைப்பது, காயவைப்பது, மடித்து அலமாரியில் வைப்பது வரை எல்லாம் அவனுடையது. வாரத்தில் இரண்டு நாளை அவனே தேர்ந்தெடுக்கட்டும். முதல் முறை நீங்கள் செய்து காட்டுங்கள், அடுத்த முறை சேர்ந்து செய்யுங்கள், மூன்றாம் முறை அவன் செய்யும்போது பக்கத்தில் இருங்கள், பிறகு விலகிவிடுங்கள். அது பிடிபட்டுச் சில வாரம் ஓடிய பின்புதான் அடுத்தது: சாப்பிட்ட பாத்திரங்கள், குப்பை, வாரம் ஒரு வேளைச் சமையல், கழிவறை சுத்தம். எல்லாம் சேர்ந்து பள்ளி நாளில் அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

பெரும்பாலும் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. அவன் கோணலாக மடித்ததை அம்மா பிரித்து மறுபடி மடிப்பாள். நாம் செய்வது எடுபடாது என்று அவன் விட்டுவிடுவான். விளையாட்டு உடுப்பு துவைக்காமல் கிடக்கும். பாவம் என்று அம்மா நள்ளிரவில் துவைத்து வைப்பாள். நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையும் அம்மாவிடமே திரும்பி வந்துவிடும். அழுக்கு உடுப்போடு ஒரு நாள் போகட்டும், உங்கள் மனம் அடித்துக்கொண்டாலும் போகட்டும். “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்றாவதாக, செய்த தப்புக்குத் தண்டனையாகப் பாத்திரம் கழுவச் சொல்வது. வேலையே தண்டனையானால் அதை யார் விரும்பிச் செய்வார்கள்?

“அம்மாவுக்கு உதவி பண்ணு” என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். வீட்டு வேலை அம்மாவுடையது, ஆண் பெரிய மனசு பண்ணி உதவுகிறான் என்ற எண்ணத்தோடு வளர்பவன் நாளை இன்னொரு வீட்டிலும் அப்படியே இருப்பான். “இது உன் வேலை, அது என் வேலை” என்று பேசுங்கள்.

கத்தல் ஏன் முடிவதில்லை

நீங்கள் எழுதியிருக்கும் மாலை நேரத்துச் சண்டை வெகு தெளிவான ஒரு சுழல். நீங்கள் சொல்கிறீர்கள், அவன் மறுக்கிறான். மறுபடி சொல்கிறீர்கள், அவன் குரலை உயர்த்துகிறான். களைத்துப்போய் நீங்களே செய்துவிடுகிறீர்கள். கத்தினால் வேலை தப்பும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். இன்னொரு நாள் நீங்கள் இரண்டு மடங்கு கத்துகிறீர்கள், அவன் அடங்குகிறான். கத்தினால்தான் நடக்கும் என்று நீங்கள் கற்றுக்கொள்கிறீர்கள். ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் ஆண்டுக்கணக்கில் வீடுகளுக்குள் கவனித்துப் பதிவு செய்தது இதைத்தான். ஒவ்வொரு சுற்றிலும் இருவர் குரலும் ஒரு படி ஏறும்.

இதை அறுப்பது பெரியவர் கையில் இருக்கிறது. சமையலறையிலிருந்து குரல் கொடுக்காமல் அவன் அருகில் போய், முகம் பார்த்து, ஒரே ஒரு முறை, தெளிவாகச் சொல்லுங்கள்: “ஏழரை மணிக்குள்ள துணியை எடுத்து மடிச்சுடு. முடிச்சப்புறம் போன்.” சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஏழரை ஆகியும் நடக்கவில்லையென்றால் போன் இல்லை. பிரசங்கமும் வேண்டாம், மறுநாள் கணக்குத் தீர்ப்பதும் வேண்டாம். எச்சரிக்கையாக ஒன்று: முதல் ஒன்றிரண்டு வாரம் அவன் முன்பைவிட அதிகமாகக் கத்திப் பார்ப்பான். இத்தனை நாள் பலித்த வழி திடீரென்று பலிக்காமல் போனால் அப்படித்தான் ஆகும். அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால் இன்னும் உரக்கக் கத்த வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். கோபம் தலைக்கேறினால் இருவரும் தனித்தனி இடத்துக்குப் போய் 20 நிமிடமாவது இருங்கள். படபடப்பு அடங்கும் முன் பேசும் பேச்சு எதுவும் காதில் ஏறாது. ஆளையோ பொருளையோ அடிக்கக்கூடாது என்ற விதி இருவருக்கும் பொது. நீங்கள் கத்திவிட்டால் நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள். அதனால் மரியாதை குறையாது.

அந்தப் படம்

உங்கள் மகன் செய்தது சின்னக் குறும்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண் வகுப்பு முழுவதற்கும் முன்னால் காயப்பட்டிருக்கிறாள். ஆனால் இதனால் அவன் குணமே கெட்டது என்றும் ஆகிவிடாது. பிள்ளையின் இரக்கத்தை வளர்ப்பதில் அடி, அவமானம், “இனி உன்கிட்டப் பேச மாட்டேன்” என்ற மிரட்டல் எல்லாவற்றையும்விட, அவன் செயல் இன்னொருவருக்கு என்ன செய்தது என்று அவனையே எண்ண வைப்பதுதான் பலன் தருகிறது. மார்ட்டின் ஹாஃப்மன் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இதையே சொல்கின்றன.

நடந்தது என்ன என்று குறுக்கிடாமல் கேளுங்கள். “எல்லாரும் போட்டாங்க” என்பான்; வாதாடாதீர்கள். மறுநாள் காலை அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். பதில் வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பிறகு சரிசெய்யும் வேலை. படத்தை எல்லா இடத்திலிருந்தும் அழிக்க வேண்டும். அதே குழுவில், எல்லோரும் பார்க்கும்படி, நான் செய்தது தப்பு, யாரும் அதை அனுப்ப வேண்டாம் என்று எழுத வேண்டும். கேலி பொதுவில் நடந்தது, திருத்தமும் பொதுவில் வேண்டும். அந்தப் பெண்ணிடம் நேரில் மன்னிப்புக் கேட்பதை மட்டும் அவள் விருப்பத்துக்கு விடுங்கள். ஆசிரியர் மூலம் கேட்டு, அவள் வேண்டாம் என்றால் எழுதிக் கொடுக்கலாம். மன்னித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அவளுக்கு வரக்கூடாது.

சட்டப் பக்கத்தையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். இந்தப் படம் ஆபாசமானது அல்ல. ஆனால் பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒருவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் பல நாடுகளில் குற்றம்; அனுப்புகிறவரும் சிறுவர் என்பதால் மட்டும் தப்பிவிட முடியாது. அப்படி ஏதாவது அவன் போனுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாமல் உடனே உங்களிடம் சொல்ல வேண்டும், சொன்னால் திட்டு விழாது என்ற வாக்கை இப்போதே கொடுங்கள்.

இதோடு சேர்ந்தது உடல் பற்றிய பேச்சு. ஆண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் பொதுவாக 9 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. குரல் உடைவது, தூக்கத்தில் விந்து வெளிப்படுவது, பெண்களுக்கு மாதவிடாய் ஏன் வருகிறது என்பதையெல்லாம் நீங்களே சொல்லலாம். ஆண்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தால் இணையம் முந்திக்கொள்ளும். ஒரே நாளில் உட்காரவைத்துப் பாடம் நடத்தாமல், நடந்து போகும்போதோ துணி மடிக்கும்போதோ ஐந்து நிமிடம், பல தடவையாகப் பேசுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டாத நேரத்தில் பையன்கள் அதிகம் பேசுவார்கள். இந்த வயதில் அவனுக்குத் தனிப் படுக்கையும், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகும் மரியாதையும் வேண்டும். தன் உடலுக்குக் கிடைக்கும் மரியாதையைத்தான் அவன் பிறர் உடலுக்கும் கொடுப்பான்.

அண்ணன், விடுதி, தந்தை

அண்ணனைக் கண்டிக்க அழைக்காதீர்கள். அம்மா சொல்லுக்கு ஓர் ஆணின் கை பின்னால் இருந்தால்தான் மதிப்பு என்ற பாடம் அவனுக்குக் கிடைக்கும். அந்த மாணவியைக் கேலி செய்த மனப்பாங்கும் இதுவும் அதிக தூரமில்லை. மாமாவாக வரட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து சைக்கிள் பழுது பார்க்கவோ, விளையாடவோ, சேர்ந்து சமைக்கவோ செய்யட்டும். எப்போதாவது வரும் பெரிய வருகையைவிடச் சொன்ன நாளில் தவறாமல் வரும் சின்ன வருகை மேல். பயிற்சியாளரோ ஆசிரியரோ அவனோடு நெருங்கிப் பழகினால் அதுவும் நல்லதே, ஆனால் எங்கே, யாரோடு, எவ்வளவு நேரம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “அம்மாகிட்டச் சொல்லாதே” என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பழக்குங்கள். ஆண் பிள்ளைகளும் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார்கள். அதை வெளியே சொல்ல அவர்கள் இன்னும் அதிகமாகத் தயங்குகிறார்கள்.

விடுதி இப்போது வேண்டாம். உங்கள் வேலை நேரமோ படிப்போ காரணமாக, அவனும் விரும்பிச் சேர்ந்தால் அது வேறு. ஒரு தப்பு நடந்த கையோடு அனுப்பினால், அப்பா விட்டுப் போனார், அம்மாவும் அனுப்பிவிட்டாள் என்றுதான் அவன் புரிந்துகொள்வான்.

தந்தையின் விஷயத்தில் முதலில் நீதிமன்ற உத்தரவில் சந்திப்பு, பேச்சு பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். உத்தரவில் அந்த உரிமை இருந்தால் நீங்களாக நிறுத்துவது சட்டப்படி உங்களுக்கே எதிராகத் திரும்பலாம். அவர் அடித்தவர், மிரட்டுபவர் என்றால் உங்கள் பாதுகாப்பே முதன்மை. வழக்கறிஞர் மூலம் உத்தரவை மாற்றவோ, இன்னொருவர் முன்னிலையில் மட்டும் சந்திக்கவோ கேளுங்கள். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, ஒழுங்கின்மைதான் தெரிகிறது. அதற்கு நாளும் நேரமும் குறித்து, எழுத்தில் அனுப்புங்கள். அவர் தரும் வாக்குறுதிகளை, அது நடக்கும் என்று உறுதியாகும்வரை மகனிடம் சொல்லாதீர்கள். மகன் மூலம் செய்தி அனுப்புவதும், பேசி முடித்ததும் என்ன சொன்னார் என்று துருவுவதும் வேண்டாம். அழைப்பு வராத நாளில், “அவர் ஏன் பேசலைன்னு எனக்குத் தெரியல. உனக்கு வருத்தமா இருக்கும். நீ செஞ்ச எதனாலயும் இல்ல” என்று சொன்னால் போதும். அவருக்காகப் பொய்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவரைத் திட்டவும் வேண்டியதில்லை.

அன்றிரவு அவன் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தன்னில் பாதி தந்தையிடமிருந்து வந்தது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தந்தையை மொத்தமாகக் கெட்டவர் என்றால் தன் பாதியும் கெட்டதோ என்று பயப்படுவான். “அன்னைக்குக் கோவத்துல சொன்னேன், அது தப்பு. உன் சிரிப்பு, கணக்குல இருக்கற வேகம் எல்லாம் அப்பாகிட்ட இருந்து வந்தது, அதெல்லாம் நல்லது. எப்படி நடந்துக்கறதுங்கறது மட்டும் நீயே தினமும் முடிவு பண்றது. அந்தப் படத்தை அனுப்பினதும் நீதான், அதைச் சரிபண்ணப் போறதும் நீதான்.” விவரங்களை உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி, உண்மையாக இருப்பதை மட்டும் சொல்லுங்கள். அவனுக்குப் பொய் உடனே தெரிந்துவிடும்.

எப்போது நேரில் உதவி தேட வேண்டும்

மேலே சொன்னவற்றைச் சீராகச் செய்து இரண்டு மூன்று மாதமாகியும் மாற்றம் இல்லையென்றால் குழந்தைகள் மனநல ஆலோசகரைப் பாருங்கள். உங்களை அடிப்பது, விலங்குகளைத் துன்புறுத்துவது, பணம் திருடுவது, புகை, மது, போதைப் பழக்கம், பள்ளிக்குப் போக மறுப்பது போன்றவை இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஓயாத எரிச்சல், தூக்கம் பசி இரண்டிலும் மாற்றம், பிடித்தவற்றில்கூட நாட்டமின்மை இருந்தாலும் அப்படியே. இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் சிடுசிடுப்பாகவும் வரும். சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ பேசினால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

ஆலோசகரிடம் போவதை அவனுக்குத் தண்டனையாகச் சொல்லாமல், “நாம ரெண்டு பேரும் சண்டை போடறதைக் குறைக்கக் கத்துக்கப் போறோம்” என்று சொல்லி அழைத்துச் செல்லுங்கள். போகும் முன் இரண்டு வாரத்துக்கு எந்த நேரத்தில் சண்டை வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, எப்படி முடிந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வகுப்பாசிரியரின் கருத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பிலேயே உங்களுக்கும் சிறிது நேரம் தனியாகக் கேளுங்கள். எட்டு ஆண்டாக மகனிடம் மட்டுமே சொல்லி வந்ததை அங்கே சொல்லலாம்.